பரலோக மந்திரத்தின் முதல் பாதி

அன்புள்ள சவரி,

போன ஞாயிறு பூசை முடிந்ததும் நம் பங்குக் கோயில் சாமியார் என்னைக் கூப்பிட்டு, பங்கு இதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார். கத்தோலிக்கப் பள்ளியில் மறைக்கல்வி ஏன் வேண்டும் என்பது தலைப்பு. "உபதேசியாரே, காலமெல்லாம் சொல்லிக் குடுத்தவரு நீங்க. உங்கள விட்டா யாரு எழுதுவா? ரெண்டு பக்கம் போதும்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன். அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. ஊரெல்லாம் வாய் ஓயாமல் பேசித் திரிந்தவனுக்கு எழுதுவதற்கு மட்டும் என்ன கேடு வந்தது என்று என்னையே திட்டிக்கொண்டேன். யாருக்கு எழுதுவதாக நினைத்தாலும் உன் முகம்தான் வந்து நிற்கிறது. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். நீ படித்துவிட்டுச் சரி என்றால் சாமியாரிடம் கொடுக்கிறேன். வேண்டாம் என்றால் மடித்து வைத்துவிடுகிறேன். உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன்.

சனிக்கிழமை நீ பள்ளியிலிருந்து வந்து என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாய். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே வரவும் இல்லை. சொல்லக் கஷ்டமான சங்கதி ஏதோ வருகிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "அப்பா, வர்ற திங்கள் போயி அடுத்த திங்கள்லேர்ந்து புது டைம்டேபிள் போடறேன். பத்தாவதுக்கு மறைக்கல்வி பீரியட எடுத்துட்டு கணக்குக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். ரிசல்ட்டு கம்மியாகிக்கினே வருது. நீங்க ஞாயித்துக்கிழம பூசைக்கு அப்புறம் கோயில்லியே வெச்சிக்கோங்க" என்றாய். நான், "ஞாயித்துக்கிழம எவன்டா வருவான்? பாதி பேரு டியூஷனு, பாதி பேரு கரும்புக் கொல்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "புள்ளைங்க மனசுல எதனா விழ வேணாமாடா?" என்றும் கேட்டுவிட்டேன். நீ, "எனக்கு விழுந்துச்சே. பன்னண்டு வருஷம் படிச்சேன். பரிசெல்லாம் வாங்கினேன். அது எனக்கு இன்னா பண்ணுச்சி? சொல்லுங்க" என்றாய். நீ வண்டியைக் கிளப்பிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டாய். உனக்காகப் போட்ட டீயையும் நானே குடித்தேன்.

நீ செய்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் முள் தெரியும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் கணக்கில் தவறினால், திரும்பவும் மரவள்ளிக் காட்டுக்கோ குடகுக் காப்பித் தோட்டத்துக்கோ போக வேண்டியதுதான் என்று நீ ஆசிரியர் கூட்டத்தில் சத்தம் போட்டாயாம். வாட்ச்மேன் வந்து சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நீ கணக்கைக் கேட்கிறாய். அதே பிள்ளைகளுக்காகத்தான் நானும் என் பீரியடைக் கேட்கிறேன். இதில் யார் யாரோடு சண்டை போடுவது? உன்னை எதிர்த்துச் சாமியாரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பெற்ற பிள்ளை மேல் மொட்டைப் பெட்டிஷன் போடுகிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

நான் இன்னும் எடுத்துக்கொண்டிருப்பது பத்தாவதின் ஒரு பீரியட்தான், புதன்கிழமை மூன்றாம் மணி. நீ படித்த காலத்திலும் அதுதான், இப்போதும் அதுதான். மணி அடித்ததும் நம் பிள்ளைகள் எழுந்து கோயில் வராந்தாவுக்கு வருவார்கள், மற்ற பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே நன்னெறிப் பாடம் நடக்கும். எப்போதுமே நாம் ஒரு கைப்பிடிதான். ஆனால் அந்த ஒரு பீரியட் இருப்பதாலேயே ஊரில் நம் பள்ளிக்கு ஒரு பெயர். ரிஷிவந்தியம் பக்கத்து நிலக்காரர் ஒருவர் தன் மகனைச் சேர்க்க வந்தபோது, "இன்னா சாமி கும்புட்டா இன்னாங்க, உங்க ஸ்கூல்ல சேத்தா புள்ள பயபக்தியா வளருதுங்க" என்று என்னிடம் சொன்னார். அந்தப் பையன் மதில் ஏறிக் குதித்து சினிமாவுக்குப் போய் அகப்பட்டுக்கொண்டது வேறு கதை. பயமும் இல்லை, பக்தியும் இல்லை. ஆனாலும் இன்றைக்கு வழியில் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறான்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது என் கட்சி. அதனால் உன் சட்டியை நிரப்பினேன். கொஞ்சமாகவா நிரப்பினேன்! மற்ற பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒரு பீரியட், உனக்கு விடிந்தால் பொழுது போனால் அதுதான். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கேள்வி, கை கழுவினால் ஒரு கேள்வி. ஜெபமாலை சொல்லும்போது நீ கொட்டாவி விட்டால் தொடையில் ஒரு தட்டு விழும். உன் அம்மா, "புள்ளைக்குச் சோத்தப் போட்டுட்டு அப்புறமா சாமியப் போடுங்க" என்று கத்துவாள். அவள் சொல்வதை யார் கேட்டது? மறைமாவட்டப் போட்டியில் நீ முதல் பரிசு வாங்கி வந்தபோது எவர்சில்வர் தூக்கு ஒன்று கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். கச்சிராயபாளையம் வரைக்கும் எல்லோரும் பார்க்கட்டும் என்று. இன்றும் அந்தத் தூக்கில்தான் பால் வாங்குகிறேன். வாய் நிறைந்திருந்ததைப் பார்த்து மனசும் நிறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உபதேசியார் வீட்டில் இது சகஜமாக நடக்கிற தப்பு. பிள்ளை ஒப்பிக்கிற சத்தத்தில் அப்பனுக்கு வேறு எதுவும் காதில் விழாது.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். நாளை இந்தக் கடிதம் இதழில் வந்தால், நம் வழக்கம் தெரியாதவர்களும் படிப்பார்கள். இயேசு கற்றுக்கொடுத்த பரலோக மந்திரத்தை நாம் கூட்டமாகச் சொல்லும்போது இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். முன்னால் நிற்கிறவர் முதல் பாதியைச் சொல்வார், மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். முதல் பாதி கடவுளைப் போற்றுவது. அது முடிகிற இடத்தில்தான், எல்லாம் நீர் நினைத்தபடியே ஆகட்டும் என்று ஒப்புக்கொடுக்கிற வரி வரும். இரண்டாம் பாதி சோறு கேட்பது, மன்னிப்புக் கேட்பது, தீமையிலிருந்து காப்பாற்றச் சொல்வது. உபதேசியாருக்கு எப்போதும் முதல் பாதிதான். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அந்த ஒப்புக்கொடுக்கிற வரியை ஊருக்காக நான்தான் சொல்லி வந்தேன். அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்வார்கள்.

மலைமேல் அந்தச் சாவு வீடு உனக்கு நினைவிருக்கிறதா? அப்போது உனக்குப் பத்து வயது இருக்கும், பள்ளி லீவு. சாமியார் மாதத்துக்கு ஒரு முறைதான் மலையேறுவார். நடுவில் யாராவது செத்தால் நான்தான் போக வேண்டும். வெள்ளிமலை பஸ்ஸில் நீயும் தொற்றிக்கொண்டு வந்தாய். இறங்கி, சாமைக் கொல்லைகளைத் தாண்டி நடந்தோம். அந்த ஊரில் செத்துப்போன பெரியவர் வீடு ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. அவர் மனைவிக்குச் சிலுவை போடத் தெரியும், அவ்வளவுதான். சுற்றி இருந்த மலை ஜனங்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். நான் வழக்கம்போல முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். பதில் இல்லை. யாருக்குத் தெரியும், சொல்ல? அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கீச்சுக்குரல் இரண்டாம் பாதியைச் சொல்லிற்று. நீ. யாரோ கொடுத்த பலாச்சுளையை வாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாய். பிறகு அதை விழுங்கிவிட்டு, ஜெபமாலை முழுவதும் நீ ஒருவனே பதில் சொல்லிக்கொண்டு வந்தாய். ஊரே உன்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் கடைசியில் வந்து உன் தலையில் கை வைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ கேட்டாய்: "அப்பா, நான் சொல்லலன்னா இன்னா ஆயிருக்கும்?" நான், "ஒண்ணும் ஆயிருக்காது. ரெண்டு பாதியும் நானே சொல்லிக்கினு போயிருப்பேன்" என்றேன். நீ, "அது நல்லாவா இருக்கும்? தனக்குத்தானே பேசிக்கிற மாதிரி இருக்கும்" என்றாய். நான் சிரித்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் உன் அம்மாவிடமும் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பேச்சு இத்தனை வருடம் கழித்து எனக்குத் தேவைப்படும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

இனி எழுதப்போவதைப் பற்றி நாம் இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பேசியதில்லை. உன் மகன் அருளைப் பற்றித்தான். ஏழு வயதுப் பிள்ளை. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் கள்ளக்குறிச்சியில் காட்டினோம், பிறகு புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம், பிறகு வெள்ளைத் துணியில் கொண்டுவந்தோம். இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது, உன்னாலும் படிக்க முடியாது. வீட்டு முன்னால் ஊர் கூடியிருந்தது. சாமியார் வருவதற்கு முன்னால் வீட்டில் செபம் சொல்வது உபதேசியார் வேலை. கூட்டம் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தது. நானும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றேன். நின்று, சொன்னேன். அந்த வரியையும் சொன்னேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. எத்தனையோ வீட்டில் சொன்னது போலவே, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றிச் சொன்னேன். என் வாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது நீ என் பக்கத்தில் வந்தாய். தோளில் சாய்ந்து அழப்போகிறாய் என்று நினைத்தேன். "இன்னாப்பா, உங்களுக்கு இது தொழிலா பூடுச்சா?" என்று கேட்டுவிட்டு முன்னால் போய்விட்டாய். நீ கேட்டதில் தப்பு இல்லை. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். சொந்தப் பேரனுக்கு, ஊரான் வீட்டுச் சாவுக்குச் சொல்வது மாதிரி ஒருவன் சொன்னால் வேறு என்ன கேட்பது? அன்றிலிருந்து நாம் பேசுவதெல்லாம் மாத்திரை தீர்ந்துவிட்டதா, கோமுகி அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களா, மழை வருமா, இவ்வளவுதான். ரோஸ்லின் ஒருநாள் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, "மாமா, உங்க புள்ள வூட்டுல பேசறதே கம்மி ஆயிடுச்சிங்க. நானும் எவ்வளவுதான் ஒண்டியா அழுவறது? நீங்களாச்சும் அவர எதனா கேளுங்க" என்றாள். நான், "சரிம்மா" என்றேன். அவள் கொடுத்த முறுக்குப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். உலகத்துக்கெல்லாம் ஆறுதல் சொல்லப் போகிற உபதேசியார், மருமகளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் முறுக்கோடு வந்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னைக் கேலி செய்வார்களே, சும்மா செய்யவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, உன் அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து செபம் சொல்லத் தொடங்கினேன். அந்த வரிக்கு முன்னால் நின்றுபோனேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதே இடத்தில் நின்றது. மறந்துபோகவில்லை, நாக்கு நுனியில் இருக்கிறது, ஆனால் வெளியே வரவில்லை. நீர் நினைத்தபடியே ஆகட்டும் என்று எப்படிச் சொல்வது? ஆகிவிட்டதே. உன் அம்மா இருந்திருந்தால் எனக்காக முதல் பாதியை அவள் சொல்லியிருப்பாள். தனியாள் நான். இரண்டு பாதியையும் நானேதான் சொல்ல வேண்டும். முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதிக்குப் போனால், வணக்கம் கூடச் சொல்லாமல் ஒருவர் வீட்டில் நுழைந்து சோறு கேட்பது போல இருக்கிறது. மறுநாளும் நின்றது, அதற்கடுத்த நாளும் நின்றது. அதன்பிறகுதான் மூட்டுவலி என்று சொல்லி மலையூர்களுக்குப் போவதை விட்டேன். மூச்சு வாங்குகிறது என்று சொல்லிச் சாவு வீடுகளை விட்டேன். வயதாகிவிட்டது, பாவம் என்றார்கள். வயதாகியும் விட்டது, அது பொய் இல்லை. புதன்கிழமை மூன்றாம் மணியை மட்டும் விடவில்லை. ஏன் என்று சாமியாரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை.

இன்று சொல்கிறேன். அந்த வகுப்பில் நான் பாதிகளை மாற்றிவிட்டேன். பிள்ளைகளை முதல் பாதி சொல்ல வைத்துவிட்டு, நான் இரண்டாம் பாதியைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு இது பயிற்சி என்று பேர். விடுதியில் தங்கிப் படிக்கிற வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் பவுலின், துடுக்குக்காரி, ஒருநாள் கேட்டேவிட்டாள்: "ஐயா, எப்பவும் நாங்களே மொதல்ல சொல்றோம். நீங்க ஒரு தபா கூட சொல்றதில்லியே?" நான், "நான் சொல்லிச் சொல்லித் தேஞ்சி பூட்டேன்மா, இனிமே நீங்க சொல்லுங்க" என்றேன். எல்லாம் சிரித்தன. அவர்கள் பொருள் உணர்ந்தா சொல்கிறார்கள்? ஒருத்தன் ஜன்னல் வழியாகச் சத்துணவுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே சொல்கிறாள். ஆனால் சொல்கிறார்கள். அந்த வரி வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். வாய்க்கால் தாண்ட முடியாத கிழவனை நாலு பேர் கைபிடித்து அந்தப் பக்கம் விடுவார்களே, அப்படி என்னை விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எனக்குக் குரல் வருகிறது. சோறு கேட்கிறேன், மன்னிப்புக் கேட்கிறேன். வாரத்தில் அந்த ஒரு தடவைதான் நான் முழுசாக ஒரு பரலோக மந்திரம் சொல்கிறேன், சவரி. மற்ற நாளெல்லாம் அரையும் குறையும்தான்.

ஆகையால் சனிக்கிழமை நான் பிள்ளைகளுக்காகப் பேசினேன் என்று நினைக்காதே. பிள்ளைகள் மனசில் விழ வேண்டும் என்று சொன்னேனே, அது பாதி உண்மை. என் கைத்தடியைப் பிடுங்காதே என்றுதான் கேட்டேன். கேட்கத் தெரியாமல் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிப் பூசையில் நீ பின்னால் வாசலோரம் நிற்கிறாய். கையில் சாவிக்கொத்து. நற்கருணை அப்பம் வாங்க நீ வருவதில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் கேட்டதில்லை. நான் தூணோரம் உட்கார்ந்திருப்பதால் திரும்பினால் உன் முகம் தெரியும். பூசையில் பாதி பிரிப்பது இல்லை, பள்ளிக்கூடமே சேர்ந்து மந்திரத்தைச் சொல்கிறது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று நீயும் வாயசைக்கிறாய். அந்த வரி வந்ததும் உன் வாய் மூடிக்கொள்கிறது. பிறகு திறப்பதில்லை. முதலில் எதேச்சையாகப் பார்த்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்க்கிறேன். அப்பனும் மகனும் ஒரே இடத்தில் நின்றுபோகிறோம். வேறு வேறு வழியாக வந்து ஒரே முட்டுச்சந்தில் நிற்கிறோம். நீ தலையைக் குனிந்துகொள்கிறாய், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். உன்னிடம் வந்து, "எனக்கும் அதேதான்டா" என்று ஒரு வார்த்தை சொல்ல இந்தக் கடிதம் வேண்டியிருந்தது.

"அது எனக்கு இன்னா பண்ணுச்சி?" என்று கேட்டாய். பதில் தெரியவில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் எல்லாக் கேள்விக்கும் கீழேயே பதில் இருக்கும், இதற்கு இல்லை. காய்ச்சலை அது நிறுத்தவில்லை. உன்னை அது தேற்றவும் இல்லை. ஆனால் அந்த மலைவீட்டு அம்மாளை நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்கு அன்று எந்தப் பாதியும் தெரியாது. நீ கற்றிருந்தது அவளுக்கு உதவியது, உனக்கல்ல. நீ அப்போது பலாச்சுளையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாய். இப்போது ஜன்னல் வழியாகச் சத்துணவுக் கூடத்தைப் பார்க்கிற பையன் கற்றிருப்பது எனக்கு உதவுகிறது. அவனுக்கு ஒருநாள் வாய் அடைத்துப்போனால் இன்னொரு பிள்ளை எங்கிருந்தாவது சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை வைத்துக்கொண்டு சாமியாருக்கு எப்படி இரண்டு பக்கம் நிரப்புவது?

எனக்கும் காலம் நெருங்குகிறது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நான் போகிற அன்று ஊர் கூடும், பழக்கதோஷத்தில் எல்லோரும் உன்னைப் பார்ப்பார்கள். உபதேசியார் மகன், பரிசு வாங்கியவன், தலைமையாசிரியர். நீ எழுந்து நின்று சொல்ல வேண்டாம். நான் அருளுக்குச் சொன்னது மாதிரி உறுதியான குரலில் நீ எனக்குச் சொல்லிவிடாதே, சாமி. அழுகை வந்தால் அழு. வராவிட்டால் ரோஸ்லின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார். முதல் பாதியை நம் பிள்ளைகள் யாராவது சொல்லட்டும். அதற்கு நாலு பிள்ளைகளாவது அதைக் கற்றிருக்க வேண்டும். நான் பீரியடைக் கேட்பது இதற்குத்தான். நீ கொடுக்க மாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். மேலிடத்தில் ரிசல்ட்டைத்தான் கேட்பார்கள், இதைக் கேட்க மாட்டார்கள். உன் மேல் கோபம் இல்லை. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நாளை புதன்கிழமை. பழைய டைம்டேபிளில் கடைசி வகுப்பு. மூன்றாம் மணிக்கு நீ எப்படியும் ரவுண்டு வருவாய். கோயில் வராந்தாப் பக்கம் வரும்போது கொஞ்சம் நின்றுவிட்டுப் போ. முதல் பாதியை நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் சொல்வார்கள், பவுலின் குரல்தான் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்கும். அவர்கள் நிறுத்தியதும் நான் சோறு கேட்பேன். உனக்கு வந்தால் நீயும் கேள். வராவிட்டால் பரவாயில்லை, நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அன்றைக்கு அந்த மலைவீட்டில் என் முதுகுக்குப் பின்னால் நின்றாயே, அங்கே நின்றால் போதும்.

உன் அப்பா